முதல் வகுப்பில் இருபத்தெட்டு நிமிடம்

உருத்திரபுரத்துக் கனகலிங்கத்துக்குக் காத்திருக்கத் தெரியும். முப்பது வருஷம் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் உட்கார்ந்தவர். வயலுக்குப் பசளைக்காக, வாய்க்கால் தண்ணீருக்காக, இழப்பீட்டுப் படிவத்துக்காக, அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் தேநீர் குடித்து முடிப்பதற்காக என்று அவர் காத்திருந்த நேரத்தை எல்லாம் சேர்த்தால் இன்னொரு ஆயுள் வரும். ஆனால் முதல் வகுப்பில் காத்திருப்பது வேறு தொழில் என்பதை அறுபத்திரண்டு வயதில்தான் அவர் கற்றுக்கொண்டார்.

மெல்பேணில் இருக்கும் மகள் யதுர்ஷிகா தொலைபேசி எடுத்தபோது அவர் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அம்மாவும் கலியாணம் கட்டி முப்பத்தைஞ்சு வருஷம். வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டு ஞாயிறு திரும்பி வாங்கோ. திருகோணமலையிலை கடற்கரையோட ஹோட்டல் போட்டிருக்கிறன். வவுனியாவிலையிருந்து பிளேன். முதல் வகுப்பு."

"எவ்வளவு நேரம் பறக்கிறது?"

"இருபத்தெட்டு நிமிசம்."

"அதுக்குள்ளை என்ன முதல் வகுப்பு பிள்ளை? கதிரை சூடேற முன்னம் இறங்கிடுவம். பஸ்ஸிலை போனால் மூண்டு மணித்தியாலம்தானே."

"அப்பா, வாழ்க்கையிலை ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

கேட்டார். அவருடைய மனைவி விமலேஸ்வரி அதற்கு முன்பே கேட்டுவிட்டிருந்தார். அலுமாரியில் இருந்த புதுச் சேலை வெளியே வந்து கொடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இந்த முப்பத்தைந்து வருஷத்தில் விமலேஸ்வரி நான்கு தடவை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நான்கு தடவையும் திரும்பி வரும் திகதி தெரியாது. கடைசித் தடவை திரும்பி வந்தபோது பூட்டு கிடந்தது, வீடு இல்லை. இந்த முறை சீட்டிலேயே திரும்பும் திகதி அச்சடித்திருந்தது. அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கைப்பையில் வைத்தார். கூடவே அடையாள அட்டைகள், குடும்ப அட்டை, மீள்குடியேறிய பதிவுத் துண்டு, காணி உறுதியின் பிரதி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கினார்.

"உல்லாசம் போறதுக்கு உறுதி என்னத்துக்கு?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"ஆரும் கேட்டால்?"



வெண்நாரை விமான சேவையின் நிலையம் வவுனியாவுக்கு வெளியே, ஓடுபாதை ஓரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழே காலுக்கே இருவரும் வந்துவிட்டார்கள். உள்ளே இரண்டு மேசைகள். ஒன்றின் முன்னால் வெறும் சீமெந்து நிலம். மற்றதன் முன்னால் ஐந்தடி நீளத்துக்குச் சிவப்புக் கம்பளம், இரு பக்கமும் பித்தளைக் கம்பங்கள், அவற்றுக்கிடையே தடித்த கயிறு. கம்பளத்து மேசையில் ஒருவரும் இல்லை. சீமெந்து மேசையில் ஓர் இளம் எழுதுவினைஞர் இருந்தார். அவரிடம் ஆறு பேர் வந்து, பெயரைச் சொல்லி, துண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கனகலிங்கமும் அங்கே போனார்.

"ஐயா, நீங்கள் இஞ்ச வரப்படாது. கம்பளத்திலை நில்லுங்கோ."

"அங்கை ஆக்கள் இல்லையே தம்பி."

"முதல் வகுப்பைப் பதியிறதுக்கு முகாமையாளர்தான் வரவேணும். எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப அவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன், நாங்கள் வந்திட்டம் எண்டு."

"பதிஞ்ச ஆக்களைப் பற்றித்தான் அவருக்கு அறிவிக்கலாம். நீங்கள் இன்னும் பதியேல்லை."

கனகலிங்கம் கம்பளத்துக்குத் திரும்பி வந்து நின்றார். இதே வசனத்தை இழப்பீட்டுக் கந்தோரில் கேட்டிருக்கிறார். அங்கே கம்பளம் இருக்கவில்லை, அவ்வளவுதான். விமலேஸ்வரி கோப்பை வெளியே எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார்.

பதிந்த ஆறு பேரில் ஒருவர் முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்யும் சிறாஜ். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவர்களோடு கதை கொடுத்தார்.

"மகள் இஷ்ரா ட்ரிங்கோ ஆஸ்பத்திரியிலை, அண்ணை. பதினொண்டரைக்கு ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுக்கினமாம். மருமகன் கட்டாரிலை. உம்மாவும் இல்லாத பிள்ளை. தியேட்டருக்குள்ளை கொண்டு போக முன்னம் என்ரை முகத்தைக் காட்டோணும். அதாலைதான் பஸ்ஸை விட்டிட்டு இதிலை வந்தனான்."

"ஒம்பது மணிப் பிளேன்தானே. ஒம்பதரைக்கு நிப்பியள்," என்று விமலேஸ்வரி ஆறுதல் சொன்னார்.

எட்டரைக்கு முகாமையாளர் வந்தார். பெயர் வினோதன். பங்குனி வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். முதல் வகுப்பு அனுபவ முகாமையாளர் என்று நெஞ்சில் எழுதியிருந்தது. இருவரையும் காக்க வைத்ததற்காக நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டதை ஒரு புத்தகத்தில் பதிந்து, கனகலிங்கத்திடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

சின்ன விமானம் என்பதால் பயணிகளை நிறுக்க வேண்டும். மற்ற ஆறு பேரையும் நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி, எடையை உரத்துச் சொன்னார்கள். முதல் வகுப்புக்குத் தனித் தராசு, அதைச் சுற்றி மறைப்பு, மேலே நீல வெல்வெட் துணி. வினோதன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எண்ணைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து ஒட்டினார்.

"இதை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"ஒருத்தரும் பாக்கேலாது ஐயா. முதல் வகுப்புப் பயணியின்ரை எடை இரகசியம்."

"விமானிக்குத் தெரியவேணுமல்லோ?"

"அவர் உங்களைத் தூரத்திலை நிண்டு பார்த்து ஒரு மட்டுக்கு நினைச்சுக்கொள்ளுவார்."

அடுத்தது ஓய்வறை. கப்பலில் சாமான் ஏற்றுகிற இரும்புப் பெட்டி ஒன்றுக்குக் குளிரூட்டி பூட்டி, இரண்டு சோபா போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் விமலேஸ்வரி கணவனின் காதில் ஏதோ சொன்னார். கனகலிங்கம் எழுந்து போய், கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

வினோதனின் முகம் வாடியது. முதல் வகுப்புக் கழிப்பறைக்கு வேண்டிய பொருட்கள் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தன. மண்டபத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. ஆனால் அது சாதாரண வகுப்புக்கு உரியது. முதல் வகுப்புப் பயணி அதைப் பாவிப்பது நிறுவனத்தின் தரத்துக்கு இழுக்கு.

"அப்ப என்ன செய்யிறது தம்பி?"

"வழி இருக்கு ஐயா," என்று வினோதன் ஒரு படிவத்தை எடுத்தார். மேலே 'தற்காலிகத் தரமிறக்க விண்ணப்பம்' என்று இருந்தது. "அம்மா இதை நிரப்பினால் பத்து நிமிசத்துக்கு அவாவைச் சாதாரண வகுப்புக்கு இறக்குவம். வேலை முடிஞ்சாப்போலை திரும்ப உயர்த்துவம்."

தரமிறங்குவதற்கான காரணம் என்று கேட்ட இடத்தில் விமலேஸ்வரி 'சொந்தக் காரணம்' என்று எழுதினார். வினோதன் அதை ஏற்கவில்லை. வைத்தியக் காரணமா, சமயக் காரணமா என்று குறிப்பிட வேண்டும் என்றார். விமலேஸ்வரி கணவனைப் பார்த்தார். பிறகு 'வைத்தியம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி வெயிலுக்குள் நடந்தார்.

திரும்பி வந்தவரை உடனே உள்ளே விடவில்லை. கம்பளத்தில் நிற்க வைத்து, பெரிய கண்ணாடிக் குவளை நிறைய ஐஸ் போட்ட தோடம்பழச் சாறு கொடுத்தார்கள். அந்த வரவேற்புப் பானத்தைக் குடித்து முடித்தால்தான் தரமுயர்வு செல்லும். அவர் குடித்தார். இருபது நிமிடத்தில் இரண்டாவது படிவம் தேவைப்பட்டது. அதற்கும் ஒரு குவளை.

"நான் அங்காலையே இருந்திடுறன் அப்பா," என்றார் விமலேஸ்வரி, மூன்றாவது தரம் எழும்பும்போது.

மணி ஒன்பது நாற்பது. கனகலிங்கம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். விமானத்தின் பக்கத்தில், நிழல் இல்லாத இடத்தில், ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். சிறாஜ் கைத்தொலைபேசியைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"அவையளை ஏன் வெயிலிலை விட்டிருக்கிறியள்? ஏத்தலாமே," என்றார் கனகலிங்கம்.

வினோதன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றார்.

"ஐயா, இந்தப் பிரதேசத்துச் சனத்துக்கு முதல் வகுப்பு எண்டால் என்னெண்டு தெரியாது. எல்லாரும் ஒரே லைனிலை நிண்டு பழகிட்டினம். நாங்கள் அதை மாத்திறம். ஆனால் எங்கடை விமானத்திலை பத்துக் கதிரையும் ஒரே கதிரை. ஜன்னலும் ஒண்டு, சத்தமும் ஒண்டு. உண்மையைச் சொன்னால், முன்னுக்குக் கூடுதலாக் குடுக்கிறதுக்கு எங்களிட்டை ஒண்டும் இல்லை. அப்ப பின்னுக்குக் குறைக்கத்தானே வேணும்? அவை வெயிலிலை நிக்கிறதை நீங்கள் இஞ்சயிருந்து பாக்கிறியள் பாருங்கோ, அதுதான் ஐயா நாங்கள் உங்களுக்குத் தாற சேவை."

இதைச் சொல்லிவிட்டு அவர் கனகலிங்கத்தின் முகத்தில் நன்றியைத் தேடினார்.

பத்து மணிக்கு விமானம் கிளம்பியது. முன்னால் இரண்டு கதிரை, பின்னால் எட்டு, நடுவில் ஒரு மெரூன் திரை. பின்னால் ஆறு பேர்தான் என்பதால் இரண்டு கதிரை காலி. பணிப்பெண்ணின் பெயர் சுரேகா. முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்கள் தூக்கத்துக்கு ஏங்கின. கையில் தடித்த சேவைக் கையேடு ஒன்று. கடல் கடந்து பதினொரு மணித்தியாலம் பறக்கிற பெரிய விமானங்களுக்காக எழுதப்பட்ட அதை வினோதன் ஒன்பது அங்கங்களாகச் சுருக்கியிருந்தார்.

முதலாம் அங்கம் சூடான துவாய். இரண்டாம் அங்கம் தேநீர் வகைகளின் பெயர்களை வாசித்துக் காட்டுவது. மூன்றாம் அங்கம் ரசம். ஒவ்வொன்றும் முடிந்ததும் கனகலிங்கம் கையெழுத்து வைக்க வேண்டும். சுரேகா நேரத்தைக் குறித்துக்கொண்டு எட்டு நிமிடம் சும்மா நிற்பார். அது ருசியை உள்வாங்கும் இடைவேளை.

கனகலிங்கம் ஜன்னலால் பார்த்தார். கிழக்கே போக வேண்டிய விமானம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரணைமடுக் குளம் தகடு மாதிரித் தெரிந்தது. பிறகு உருத்திரபுரம். அவருடைய மூன்று ஏக்கரும் முகம் துடைக்கிற லேஞ்சி அளவில் கிடந்தது. பக்கத்து வயற்காரர் சுடலைமுத்துவோடு பன்னிரண்டு வருஷமாகக் கதைக்காமல் இருப்பதற்குக் காரணமான வரம்பைத் தேடினார். மேலே இருந்து அது தெரியவே இல்லை.

"விமலா, எங்கடை வீடு."

"ஓம். முற்றத்திலை ஆரின்ரையோ மாடு நிக்குது," என்றார் விமலேஸ்வரி.

விமானம் ஆனையிறவு உப்பளங்களின் மேலே வட்டமடித்து மறுபடி தெற்கே வந்தது. மறுபடி வீடு. மாடு அங்கேயே நின்றது. திருகோணமலைக்குப் போகக் கிளம்பியவர்கள் பத்து நிமிடத்துக்குள் இரண்டு தரம் தங்கள் கூரையைக் கடந்தார்கள்.

"தங்கச்சி, ட்ரிங்கோ இன்னும் வரேல்லையோ?" என்று திரைக்குப் பின்னால் சிறாஜின் குரல் கேட்டது.

"முதல் வகுப்பிலை நாலாம் அங்கம் தொடங்கப் போகுது. முடிஞ்சாப்போலை இறங்குவம்," என்றார் சுரேகா.

கனகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. "பிள்ளை, நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இது சுத்திக்கொண்டே இருக்குமோ?"

"இறங்கிறதெண்டால் மேசையை மடிக்க வேணும் ஐயா. சேவை முடியாமல் மேசையை மடிக்கேலாது."

அதற்குள் விமானம் கிழக்கே சாய்ந்திருந்தது. வற்றாப்பளைக் கோயிலைச் சுற்றியிருந்த மரங்களும், அவற்றுக்கு அப்பால் நீண்டு கிடக்கும் களப்பும் கீழே வந்தன. தண்ணீர் வெயிலில் மினுங்கியது. அந்தக் களப்பின் ஓரத்தால் விமலேஸ்வரி கடைசி இடப்பெயர்வின்போது நடந்திருக்கிறார், யதுர்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு. ஜன்னல் மூடியைக் கீழே இழுத்துவிட்டார்.

"அம்மா, முதல் வகுப்பிலை ஜன்னலை நாங்கள்தான் மூடிவிடவேணும்," என்று சுரேகா மெதுவாகச் சொல்லி, மூடியைத் திறந்து, மறுபடி தன் கையால் மூடிவிட்டார்.

நான்காம் அங்கம் வந்தபோது இருவரும் அவசரமாக விழுங்கினார்கள். ஐந்தாம் அங்கத்தைக் கனகலிங்கம் இரண்டு வாயில் முடித்தார். பிரயோசனம் இல்லை. எட்டு நிமிடம் எட்டு நிமிடம்தான்.

"எங்களுக்குக் காணும் பிள்ளை. மிச்சத்தை எடுங்கோ."

"வேண்டாமெண்டு சொன்னால் முறைப்பாடாப் பதியவேணும் ஐயா. முறைப்பாடு பதிஞ்சால் மன்னிப்புக் கேட்டு மேலதிகமா ஒரு இனிப்புத் தரவேணும். அதுக்கும் எட்டு நிமிசம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இறங்க வேணும்தான். பள்ளிக்கூடம் விடுறதுக்கு முதல் வவுனியாவுக்குத் திரும்பவேணும். பிள்ளையை ஏத்த வேறை ஆள் இல்லை."

பதினொரு மணிக்கு ஏழாம் அங்கமாகப் பழக்கலவை வந்தது. அதைச் சாப்பிட்டுக் கையெழுத்தும் வைத்தார்கள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரை விலகிய இடுக்கில் கனகலிங்கம் பார்த்தார். சிறாஜ் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் எழுந்தார். முப்பது வருஷக் கூட்டங்களில் அவர் ஒருநாளும் இடையில் எழுந்ததில்லை.

"எழும்பும் விமலா."

"எங்கை?"

"பின்னுக்கு."

இருவரும் திரையை விலக்கிக்கொண்டு போய்க் காலியாக இருந்த இரண்டு கதிரைகளில் உட்கார்ந்தார்கள். சுரேகா வெறும் முன்வரிசையைப் பார்த்தார். கையேட்டைப் புரட்டினார். முதல் வகுப்பில் ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவர் கையேட்டை மூடினார். அன்று முதல் தடவையாகக் கண்களும் சிரித்தன. மேசைகளை மடக்கிவிட்டு விமானியிடம் ஓடினார்.

திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. திருகோணமலைக்குப் போக எரிபொருள் போதாது. வவுனியாவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

"எங்களாலைதான் தம்பி," என்றார் கனகலிங்கம் சிறாஜிடம்.

"நீங்கள் என்ன செய்வியள் அண்ணை. உங்களைக் கட்டி வச்செல்லோ ஊட்டினவை."

பதினொன்று இருபதுக்கு விமானம் கிளம்பிய இடத்திலேயே இறங்கியது. கதவு திறந்ததும் சிறாஜின் தொலைபேசி அடித்தது. கம்பளத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்த வினோதன், அதை விரிக்கும் வரை ஒருவரும் இறங்கக் கூடாது என்று கையைக் காட்டினார்.

"மதிப்புக்குரிய முதல் வகுப்புப் பயணிகளே, ஒன்பதிலை ஏழு அங்கம் வெற்றிகரமாப் பூர்த்தி. இது எங்கடை நிறுவனத்தின்ரை சாதனை. திருகோணமலைக்குப் போகாதது செயற்பாட்டுப் பிரிவின்ரை விசயம், அதுக்கும் அனுபவப் பிரிவுக்கும் சம்பந்தம் இல்லை. அனுபவத்திலை ஒரு குறையும்..."

விமானத்தின் வாசலில் சிறாஜ் தொலைபேசியை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். திரையில் பச்சை உடுப்புப் போட்ட ஓர் இளம்பெண், தள்ளுகட்டிலில் கிடந்தார். யாரோ தாதி தொலைபேசியைப் பிடித்திருக்க வேண்டும், படம் ஆடியது.

"வாப்பா, எங்கை நிக்கிறீங்க?"

"வந்துகொண்டிருக்கிறன் மகள். பாருங்கோ, பிளேனிலைதான் நிக்கிறன். பயப்படாதைங்கோ. நீங்கள் வெளியிலை வரேக்கை வாப்பா வாசல்லை நிப்பன்."

வினோதன் உரையைத் தொடர வாயைத் திறந்தார்.

"தம்பி," என்றார் கனகலிங்கம், "கொஞ்ச நேரம் வாயை மூடும்."

அவர் உரக்கச் சொல்லவில்லை. வினோதன் மூடிக்கொண்டார். விரியாத கம்பளம் தோளில் கிடக்க, கோட்டுக்குள் வியர்வை ஓட, அவரும் நின்று அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். தள்ளுகட்டில் நகர்ந்து, ஒரு கதவு திறந்து மூடியது. படம் நின்றது.

வவுனியா பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. எட்டுப் பேரும் ஏறினார்கள். நடத்துநர் யாரையும் எந்த வகுப்பு என்று கேட்கவில்லை, எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். பாதி வழியில் சிறாஜுக்குச் செய்தி வந்தது. பெண் பிள்ளை, தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். அவர் ஹொரவப்பொத்தானையில் இறங்கி ஓடிப் போய் ஒரு பை டொபி வாங்கி வந்து பஸ் முழுக்கக் கொடுத்தார். கனகலிங்கம் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். அந்த ஏழு அங்கத்துக்குப் பிறகு இன்னும் ஒன்றும் விழுங்க முடியாமல் இருந்தது.

மூன்று மணிக்கு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படுத்துவிட்டார்கள். சனிக்கிழமை கடலில் கால் நனைத்தார்கள். விமலேஸ்வரி மணலில் உட்கார்ந்து, சமைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு முழுப் பகலைக் கழித்தார். பின்நேரம் இரண்டு தரம் சும்மா சிரித்ததையும் கனகலிங்கம் கண்டார். திரும்புவதற்கும் கையில் முதல் வகுப்புச் சீட்டு இருந்தது. ஞாயிறு காலை பஸ்ஸில் ஏறினார்கள்.

வழியில் யதுர்ஷிகா தொலைபேசி எடுத்தாள்.

"எப்பிடி அம்மா, முதல் வகுப்பு?"

விமலேஸ்வரி கணவனைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் நித்திரை இல்லை.

"நல்ல கவனிப்புப் பிள்ளை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மேலை நிண்டு எங்கடை வீட்டையும் பாத்தனாங்கள்."

"பாத்தியளே. அப்பா அண்டைக்கு வேண்டாமெண்டு நிண்டவர். அம்மா, அவையள் எனக்கு ஈமெயில் போட்டிருக்கினம். நீங்கள் ஏழு அங்கம்தான் எடுத்தனீங்களாம். மிச்சம் ரெண்டையும் கட்டாயம் தந்து முடிக்க வேணுமாம். ஒண்டும் கட்டத் தேவையில்லை. சித்திரை மாசம் ஒரு நாள் போட்டிட்டன்."

விமலேஸ்வரி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கனகலிங்கம் கண்ணைத் திறந்தார்.

"பிளேன் எங்கை போகுதாம்?"

விமலேஸ்வரி மகளிடம் கேட்டார். மறுமுனையில் யதுர்ஷிகா ஈமெயிலை மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

"அதை அவையள் எழுதேல்லையாம்."